கேட்டுக்கு அந்தாண்ட சொல்ல வேண்டிய பாதி

அப்பா வாங்கிவரச் சொன்ன பச்சை ஓஸ் பைப் என் அறையில் சுருண்டு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் கொட்டகைக்கு எடுத்துப் போகவேண்டியதுதானே என்று இங்கேயே போட்டுவிட்டேன். அது தப்பாகிவிட்டது. புது ரப்பர் வாசனை அறையெங்கும் ஏறிவிட்டது. உன் சட்டையில் வருமே, அதே வாசனை.

பள்ளிக்கூடம் விட்டதும் உன் அத்தாவின் பம்புசெட் சாமான் கடையில் உட்கார்ந்து ஓஸ் வெட்டித் தருவாய். அதனால் உன் யூனிபார்ம், உயிரியல் ரெக்கார்டு, டிபன் பாக்ஸில் இருக்கும் இடியாப்பம்வரை எல்லாமே ரப்பர் மணக்கும். "அத்தராவது பூசிக்கினு வாடா" என்று நான் சொன்னதற்கு, "இதான்டா அத்தரு. ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது" என்று காலரை மூக்கில் வைத்து இழுத்துக் காட்டினாய்.

செத்துப்போனவர்களுக்கு எழுதினால் நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டுமாம். மன்னிக்கவும், எனக்கு வரவில்லை. நீ ஒரு ஃபிராடு. முதலில் அதை எழுதிவிட்டால்தான் மற்றது வரும்.

நாம் எப்படிக் கூட்டாளி ஆனோம் என்று ஞாபகம் இருக்கிறதா? பூமி சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டே போகும் நாள் ஒன்று வருஷாவருஷம் ஜனவரி தொடக்கத்தில் வரும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தச் செய்திக்கு நான் கொஞ்சம் மசாலா தடவி எங்கள் வில்லியனூர் வாட்ஸப் குழுவில் போட்டேன்: நாளை மதியம் குழாய்த் தண்ணீர் தானாகக் கொதிக்கும், இன்றே பிடித்து வைத்துக்கொள்ளவும். எங்கள் பெரியம்மா டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்தார். டீக்கடைக்காரர் மட்டும் கேஸ் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் வகுப்பில் அதுவரை என்னிடம் பேசியிராத நீ பின்பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாய்.

"நீதானே போட்டது?"

"எது?"

"எத்தினி டிகிரில கொதிக்கும்னு போடாம வுட்டுட்டே. டிகிரி போட்டிருந்தா நானே நம்பியிருப்பேன்."

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். ஊரை ஏமாற்றலாம், வாத்தியாரை ஏமாற்றலாம், நமக்குள் மட்டும் ஏமாற்று கிடையாது. முதலில் கை நீட்டியவன் நீ.

பிறகு அந்த விளையாட்டு. அதையும் கண்டுபிடித்தது நீதான். பள்ளிக்கூடத்திலிருந்து ரயில்வே கேட்வரை ஒரு கட்சி, கேட்டைத் தாண்டினால் எதிர்க்கட்சி. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்று கேட்டுக்கு இந்தாண்ட நான் கத்தினால், அந்தாண்ட போனதும் தொடக்கமே கிடையாது என்று நானே கத்த வேண்டும். எதிரில் வரும் முதல் வண்டியின் கடைசி எண் ஒற்றை என்றால் எந்தக் கட்சி வேண்டும் என்பதை நீ சொல்லலாம், இரட்டை என்றால் நான். "கட்சி மாறினா பதவி போயிடுமா?" என்று நான் கேட்டேன். "நம்ம பாண்டில கட்சி மாறினாதான்டா பதவியே" என்றாய். விதியில் முக்கியமானது கடைசி வரி: கேட்டுக்கு இந்தாண்ட சொன்னதும் ஒருவனுடைய கருத்து இல்லை, அந்தாண்ட சொன்னதும் இல்லை. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் ஒரு பேச்சு.

கரும்பு டிராக்டர் போனால் பின்னாலிருந்து ஆளுக்கொரு கழி உருவிக்கொண்டு, கடித்துத் துப்பியபடி பிரபஞ்சத்தைப் பிரித்து மேய்ந்தோம்.

"மொதல்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் டமால்னு எல்லாம் வந்துது" என்று தொடங்குவாய்.

"டமாலுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னு ஒண்ணு இல்லடா. நேரமே அப்பத்தான் பொறந்துது."

"சரி, ஒண்ணுமே இல்லன்னா அது பார்க்க எப்டி இருக்கும்?"

"உன் கணக்குப் பேப்பர் மாதிரி."

"அதுல சிவப்பு மை இருக்குமே."

"அந்தச் சிவப்பு மைதான்டா மொத வெளிச்சம்."

விரிகிறது விரிகிறது என்கிறார்களே, எதற்குள் விரிகிறது? விளிம்பு இருந்தால் விளிம்பில் நின்று கையை நீட்டினால் கை எங்கே போகும்? இவ்வளவும் ஏன் இருக்க வேண்டும், எதுவுமே இல்லாமலேயே இருந்திருக்கலாமே? வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்த நீ எல்லாம் தானாக உண்டானது என்பாய். தேர்த் திருவிழாவில் ஆடிய கால் வலியோடு நான் படைத்தவன் உண்டு என்பேன். கேட் தாண்டியதும் நீ படைத்தவனிடம் போவாய், நான் தானாக உண்டானதிடம் போவேன். உள்ளுக்குள் நீ எதை நம்பினாய் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த விளையாட்டின் ருசி என்று அப்போது நினைத்தேன்.

நீ மெதுவாகத்தான் மிதிப்பாய். நான் முன்னால் போய்விட்டுக் காலை ஊன்றி நின்று திட்டுவேன்.

"மெதுவா போடா. பிரபஞ்சம் எங்கயும் ஓடிடாது" என்பாய்.

"ஓடுதுன்னுதானேடா முந்தாநாளு நீ சொன்னே?"

"அது கேட்டுக்கு அந்தாண்ட."

கேட்டை ஒட்டிய சின்ன மேட்டில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவாய். வாதம் சூடாக இருக்கும்போது மிதிக்கக்கூடாது, மூளைக்குப் போகிற ரத்தம் காலுக்குப் போய்விடும் என்று அறிவியல் விளக்கம் வேறு. நான் நம்பினேன். ஊரையே கொதிக்கவைத்தவன் உன் விளக்கத்தை டிகிரி கேட்காமல் நம்பினேன். ஒப்பந்தம் இருந்தது அல்லவா?

கடைசி நாளுக்கு வருகிறேன். அன்று நீ எதிரே வந்த வண்டியின் எண்ணைப் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கு தலைப்பு நான் சொல்றேன். ஒரு மனுஷன் செத்துப்போனா பிரபஞ்சத்துல எதனா குறையுதா? குறையும்ன்றது நானு. குறையாதுன்றது நீ."

"வண்டி நம்பர் பாக்கலியே."

"ஒரு நாளைக்கு வுட்டுக் குடுடா."

விட்டுக்கொடுத்தேன். எனக்குக் கிடைத்த கட்சி சுலபமானது. நம் எலும்பில் இருக்கும் சுண்ணாம்பும் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் எப்போதோ எரிந்து தீர்ந்த நட்சத்திரங்களுக்குள் வெந்தவை என்று போன வாரம்தான் நீயே சொல்லியிருந்தாய். அதையே எடுத்து உன்மேல் வீசினேன்.

"உடம்புன்றது இன்னா? பன்னீர் சோடா பாட்டிலு. நட்சத்திரத்து கடையில வாங்கினது. குடிச்சி முடிச்சா காலி பாட்டிலை கடையிலயே வெச்சிடணும். கடைக்காரனுக்கு இன்னா நஷ்டம்? கழுவிட்டு அதே பாட்டில்ல அடுத்த ஆளுக்கு ஊத்திக் குடுப்பான். பெட்டியில ஒரு பாட்டில் குறைஞ்சிருக்கா? எண்ணிக்கோ. இன்னும் சொல்லப்போனா, வெச்சிக்கினே உக்காந்திருந்தாதான் கடைக்காரன் திட்டுவான்."

நீ சிரித்தாய். சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் கவிழ்ந்துகொண்டு சிரித்தாய். மூச்சு வாங்கியது. சிரிப்பில் வாங்கும் மூச்சு என்று நினைத்தேன். நிமிர்ந்ததும் உன் கட்சிக்காக ஒரே ஒரு வரிதான் பேசினாய்.

"எங்கம்மாக்குக் குறையும்ல?"

"உங்கம்மா பிரபஞ்சம் இல்லடா, வில்லியனூரு."

அதற்கும் சிரித்தாய்.

கேட் மூடியிருந்தது. லாரி, ஆட்டோ, மூட்டை கட்டிய மொபெட் எல்லாம் வரிசையில் நின்றன. கேட் திறந்ததும் நான் மாறிப் பேசவேண்டிய பாதியை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து உன் அத்தாவின் ஸ்கூட்டர் ஆரன் கேட்டது. உன் சைக்கிளை அங்கிருந்த சோடாக் கடையில் பூட்டிவைத்தார். அவர் அங்கே பூட்டிக்கொண்டிருந்தபோதே, சென்னையில் மாமா வீட்டுக் கல்யாணம், ஒரு வாரம் வரமாட்டேன் என்றாய்.

"கேட் தாண்டலியேடா. பாதிதானே ஆச்சு?"

"வந்து தாண்டிக்கலாம்" என்று பின்சீட்டில் ஏறினாய்.

சாயங்காலம் உனக்குச் செய்தி அனுப்பினேன்: கல்யாணப் பிரியாணி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வரவும், கத்திரிக்காய் தனியாக. நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். அந்தக் கட்டைவிரலை இப்போதும் சிலசமயம் திறந்து பார்க்கிறேன். அதை அனுப்பியபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய்.

இதயத்தில் வால்வு சரியில்லையாம், பிறந்ததிலிருந்தே. கடை நிறைய, மோட்டார் பைப்புக்கு மாட்டும் ஃபுட் வால்வு அடுக்கிவைத்திருக்கும் வீட்டில் ஒரு வால்வு கோளாறு. இந்த ஜோக்கை நீ உயிரோடு இருக்கும்போது நான் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சொல்லும் வாய்ப்பைக்கூட எனக்குத் தரவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் திறந்தவன், பிறகு திறக்கவில்லை என்றார்கள்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் அடக்கம். எல்லோரும் வரிசையாக வந்து கைப்பிடி மண் அள்ளிப் போட்டார்கள், நானும் போட்டேன். பக்கத்தில் நம் வகுப்புச் செல்வா அழுதுகொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்குப் போறேன்னுதானேடா சொன்னான்" என்றேன்.

அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியாதா? எங்க எல்லாத்துக்கும் தெரியுமே. கிளாஸ் சாருக்கும் தெரியும். உன்னாண்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னான்."

"ஏன்?"

"தெரிஞ்சா நீ அவன வெச்சி கலாய்க்கறத நிறுத்திடுவியாம்."

மைதானத்தில் உன்னை ஏன் யாரும் ஓடச் சொல்லவில்லை, உன் பையை ஏன் ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள் என்பதெல்லாம் அந்த நொடியில் வரிசையாக வந்து நின்றன. வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஆடிய ஒரு ஆட்டத்தில் நான் மட்டும் ஏமாந்தவன். நான் ஊரை ஏமாற்றியபோது ஊருக்குச் சில டிரம் தண்ணீர்தான் நஷ்டம்.

திரும்பும்போது உன் அத்தாவிடம் போனேன். எல்லோருடைய கையையும் பிடித்தவர் என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். துக்கம், கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அதற்குப்பின் கடைப் பக்கமே நான் போகவில்லை. நேற்று அப்பா விரட்டிவிட்டதால் போனேன்.

கல்லாவில் உன் அத்தா. உன் ஸ்டூலில் ரிஸ்வானா, எட்டாம் வகுப்பு யூனிபார்மோடு, மடியில் ஓஸ் சுருளும் கத்தியும். தங்கச்சி என்று நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தவள். அளவு சொன்னேன். அளந்தாள், வெட்டினாள். என் கையில் கொடுக்காமல் தரையில் போட்டாள்.

"இன்னா ரிஸ்வானா, அண்ணன் மேல கோவமா?"

"நீ எனக்கு அண்ணன் இல்ல. எங்கண்ணன் செத்தா ஒண்ணும் குறையாதுன்னு சொன்னவன்தானே நீ?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள் நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு அண்ணன் சொல்லிச்சு. காலி பாட்டில்னியாமே. கடையில வெச்சிடணும்னியாமே. நர்ஸ் அக்காகிட்டகூட சொல்லி சொல்லி சிரிச்சிது. எங்கம்மா எழுந்து வெளிய போய் அழுதுது. நோவுக்காரன்கிட்ட பேசற பேச்சா அது?"

டேய், உனக்கு அங்கே சொல்லிச் சிரிக்க என் பாட்டில் ஜோக் மட்டும் போதுமா? கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உன் நோயைச் சொல்லவில்லை, அவர்களுக்கு நம் விளையாட்டைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். இத்தனை நாளும் அந்த வீட்டில் நான், தெரிந்தே, உன் முகத்துக்கு நேராக, நீ செத்தால் ஒன்றும் இல்லை என்று சொன்னவனாக இருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி எண், கட்சி, கேட், கட்சி மாறுவது, எனக்கு நோய் தெரியாதது, கல்யாணப் பொய், பிரியாணி. ரிஸ்வானா நம்பாத முகத்தோடு கேட்டாள். கல்லாவில் இருந்தவர்தான் முதலில் பேசினார்.

"உனக்குத் தெரியவே தெரியாதா தம்பி?"

"தெரியாது மாமா. சத்தியமா."

"நீதான் அவனுக்கு ரொம்பக் கூட்டாளி, உன்னாண்டதான் மொதல்ல சொன்னேன்னு எங்ககிட்ட சொன்னான்." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பயம் இல்ல அத்தா அப்டின்னும்தான் சொன்னான். எது நெசம்னு இனிமே யாரை கேக்கறது?"

அப்போதுதான் பார்த்தேன், நீ ஏமாற்றியவர்கள் பட்டியலில் நான் தனியாக இல்லை. அவரவருக்கு ஏற்ற அளவில் வெட்டிக் கொடுத்திருக்கிறாய்.

ரிஸ்வானா கத்தியை மடக்கினாள். "சரி, கேட்டுக்கு அந்தாண்ட போயிருந்தா மாத்திப் பேசியிருப்பேன்ற இல்ல? இப்ப பேசு. மீதி பாதிய சொல்லு."

எனக்கு இதைவிடச் சுலபமான கட்சி கிடைத்திருக்க முடியாது. கோள், நட்சத்திரம், வாயு, தூசி என்று ஏதோ தொடங்கினேன். இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் பெரும்பாலும் கல்லும் நெருப்பும்தான், அதில் எங்கோ ஒரு மூலையில்தான் நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கத் தெரிந்த ஒன்று இருக்கிறது, கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டது என்று ஏதோ சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வாணாம். பாட்டில் திரும்பி வந்துடும்னு சொன்னே. உள்ள இருந்த சோடா?"

"வராது" என்றேன்.

அவ்வளவுதான் என் எதிர்க்கட்சிப் பேச்சு. அன்று கேட் திறந்திருந்தால் இதை அலங்காரம் பண்ணிப் பெரிதாகப் பேசி, உன்னிடம் நிச்சயம் தோற்றிருப்பேன். ரிஸ்வானா தலையாட்டவில்லை, அழவும் இல்லை. குனிந்து ஓஸைத் தரையிலிருந்து எடுத்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தாள். எனக்கு அது போதுமா என்று தெரியவில்லை. அவளுக்குப் போதாது என்று மட்டும் தெரிந்தது.

உன்மேல் கோபம் போகவில்லை. நீ பயந்துபோய் அந்தத் தலைப்பை எடுத்தாயா, அல்லது என்னைப் பேசவைத்துக் கேட்டு ரசிக்கத்தான் எடுத்தாயா? ஒன்றும் குறையாது என்று யாராவது சொல்லவேண்டும் என்று உனக்குத் தேவையாக இருந்ததா? அப்படியென்றால் அதை மருந்து மாதிரி என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டாய், எந்த நோய்க்கு என்று சொல்லாமலேயே. நெசமாகக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சைக்கிளை நிறுத்தியிருப்பேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பேன். அது நம் விளையாட்டில் தோல்விதான், பரவாயில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். இத்தனை பேச்சிலும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள், இரண்டு பேர் கண்ணும் சாலைமேல். நீ அதற்காகவேதான் அப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாயோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்று இடைவேளையில் செல்வா வந்து, "டேய், பிரபஞ்சத்துக்கு முடிவு இருக்குதா?" என்று கேட்டான். முன்பென்றால் அதற்குள் நாலு ஜோக் விழுந்திருக்கும். நான் அவன் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"சும்மா கேக்கிறியா, நெசமா கேக்கிறியா?"

"இன்னாடா?"

"வூட்ல எதனா பிரச்சனையா? உடம்பு சரியில்லையா? சொல்லு."

"லூசு, டெஸ்ட்டுக்கு வருதுன்னு சார் சொன்னாரு. அதான் கேட்டேன்."

வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். நான் கையை எடுக்கவில்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்து, டெஸ்ட்டுக்காகத்தான் கேட்கிறான் என்று உறுதியான பிறகுதான் பதில் சொன்னேன்.